வடக்குச் சன்னலின் பெயர்

எண்ணூறு ஆண்டுகளாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெண்ணின் பெயரை, ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை ஏழேமுக்கால் மணிக்கு கஸ்தோன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான். இதில் கூத்து என்னவென்றால், அது அந்தப் பெண்ணின் பெயரே அல்ல.

மோன்பெலார் என்கிற எங்கள் ஊரில் அன்று திருவிழா. சதுக்கத்து மரங்களுக்கு அடியில் நீள நீள மேசைகள், அறுநூறு பேர், எல்லார் முன்னாலும் வாத்துக்கறியும் வெள்ளை மொச்சையும் குழைய வெந்து மேலே பொன்னிறமாக ஏடு கட்டிய கசூலே. தென்கிழக்கிலிருந்து வரும் ஓதான் காற்று மூன்றாவது நாளாக வீசிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று வீசும் நாட்களில் மாமியாரோடு சண்டை போட்டாலும், வண்டியைச் சுவரில் கொண்டுபோய் இடித்தாலும் பழியைக் காற்றின் மேல் போட்டுவிடலாம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

மேடையில் மூன்று பேர். நடுவில் கஸ்தோன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வயது ஐம்பத்தேழு, மூக்கு மட்டும் அதற்கு முன்பே பிறந்தது போல இருக்கும். அவன் மடியில் வியெல் என்கிற பெட்டி. ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே ஒரு மரச் சக்கரம் நரம்புகளை உரசும். மறு கையால் கட்டைகளை அழுத்த வேண்டும். நன்றாக வாசிக்கிறவர்கள் கையில் அது தேன்கூடு பாடுவது போல ஒலிக்கும், தன் கையில் அந்தக் கூட்டுக்குள் பூனை விழுந்தது போல ஒலிக்கும் என்று கஸ்தோனே சொல்லிக்கொள்வான், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள். அவனுக்குப் பின்னால் டிரம்ஸும் கணினியுமாக நதீர். முப்பது வயது, டயர் கடை வைத்திருக்கிறான். இடப்பக்கம் பேஸ் கிட்டாரோடு மைத்தே. சுற்று வட்டாரத்து மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் அவள்தான் டாக்டர்.

அவர்கள் கடைசியாகப் பாடும் பாட்டு எப்போதும் ஒன்றுதான். எழுதியவன் பெயர் தெரியாது. தோல் தாளில் எழுதிய ஒரு பழைய சுவடியில், பிரெஞ்சு வந்து அமுக்குவதற்கு முன் தெற்கே எல்லாரும் பேசிய எங்கள் ஒக்சித்தான் மொழியில், ஐந்து பத்தி இருக்கிறது. முதல் பத்திக்கு மேலே மெட்டு எழுதக் கோடுகள் போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். மெட்டு இல்லை என்பதற்காக அந்தக் காலத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அளவு ஒத்துவரும் இன்னொரு பாட்டின் மெட்டைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். கஸ்தோனும் அதைத்தான் செய்தான். நதீர் அதற்குக் கீழே நெஞ்செலும்பு அதிரும்படி ஒரு தாளம் வைத்தான்.

பாட்டின் கடைசி இரண்டு வரியில் கவிஞன் பாட்டையே தூது அனுப்புவான். யாருக்கு என்று மட்டும் சொல்ல மாட்டான். ஊராள்பவனின் மனைவியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம், பெயர் வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. அதனால் அந்தக் காலத்துக் கவிஞர்கள் எல்லோரும் காதலிக்கு ஒரு மறைபெயர் வைப்பார்கள். இவன் வைத்தது 'வடக்குச் சன்னல்'.

பாட்டே, நீ கிளம்பு. வழியில் எங்கும் உட்காராதே.
என் வடக்குச் சன்னலிடம் சொல், இன்னும் வெளியேதான் நிற்கிறேன் என்று.

பதினோரு ஆண்டுகளாக கஸ்தோன் இதை ஒழுங்காகத்தான் பாடி வந்தான். அன்று கடைசிப் பத்தியில் காற்று மைத்தேயின் நரைத்த முடியை அள்ளி அவள் முகத்தில் போட்டது. இரண்டு கையும் கிட்டாரில் இருந்ததால் அவள் உதட்டைக் குவித்து ஊதி ஊதி முடியை விலக்கிக்கொண்டே, தாளம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். கஸ்தோன் பார்த்தான். பார்த்த கண்ணுக்கும் பாடிய வாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய காவல்காரன் அந்த நிமிடம் எங்கே போனான் என்று தெரியவில்லை.

"என் மைத்தேயிடம் சொல், இன்னும் வெளியேதான் நிற்கிறேன் என்று."

பேஸ் நின்றது. சரியாக நான்கு தாள அடி. பதினோரு ஆண்டுகளில் முதல் முறை.

அறுநூறு கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. பிறகு சதுக்கமே எழுந்து மேசையைத் தட்டியது. ஐந்தாவது அடியில் மைத்தே திரும்ப உள்ளே வந்தாள், முகத்தில் எதுவும் இல்லை, பாட்டை முடித்தாள். வயரைச் சுருட்டினாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்தாள்.

"வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒத்திகை" என்று நதீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள்.

கஸ்தோனுக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. கைப்பிடியை மட்டும் இன்னும் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"பெருசு, அத நிறுத்து" என்றான் நதீர். "பூனை செத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"காத்துடா தம்பி. இந்தக் காத்து."

"நானும் இதே காத்துலதான உக்காந்திருந்தேன்? எனக்கு ஒரு பேரும் வாயில வரலையே."

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் தெல்மாஸ். ஊரின் மொழி வட்டத் தலைவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு எழுத்து மாறினாலும் சொத்து கைமாறிவிடும் என்று நாற்பது ஆண்டுகள் பயந்தே பழகியவர்.

"எண்ணூறு வருஷம், கஸ்தோன்" என்றார், விரலை ஆட்டி. "சிலுவைப் படை வந்துச்சு. ராஜா வந்தான். அப்புறம் புரட்சி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல நம்ம பேச்சு பேசினா முட்டி போட வச்சாங்க. அத்தனையிலயும் அந்த அம்மா பேரு வெளிய வரல. நீ மூணு நிமிஷத்துல போட்டு உடைச்சுட்ட."

"அது அந்த அம்மா பேரு இல்லையேங்க."

தெல்மாஸ் யோசித்தார். "அது இன்னும் மோசம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கஸ்தோன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. மைத்தேக்கு இது பிடித்ததா, பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் குழுவும் போயிற்று, பதினோரு ஆண்டு சிநேகமும் போயிற்று, எல்லாம் ஒரே வரியில். அவன் அனுப்பிய செய்தி இது: 'நேற்று காற்று ரொம்ப அதிகம்.' மாலையில் பதில் வந்தது: 'ஆமாம். புதன்கிழமை வரை வீசும்.'

அந்த வட்டாரத்திலேயே நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவள் மைத்தே. 'இந்த ஆடு தேறாது', 'உன் தொழுவம் நாறுது, அதான் நோய்' என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவளிடமிருந்து வானிலை அறிக்கை வந்ததுதான் கஸ்தோனை நடுங்க வைத்தது.

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்குப் பேருந்தில் நாற்பத்தோரு பிள்ளைகள் ஏறினார்கள். சாதாரணமாக ஆளுக்கொரு தொலைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேருந்தே மூச்சு விடாமல் போகும். அன்று பாலத்தைத் தாண்டியதும் பின் இருக்கையில் யாரோ சன்னல் கண்ணாடியில் தாளம் தட்டினார்கள். நதீரின் தாளம். பிறகு மொத்த வண்டியும் பாட்டைத் தூது அனுப்பியது.

யாரோ அன்றைய நிகழ்ச்சியைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் அது துலூஸ் வரை போய்விட்டது. வடக்குச் சன்னல் இருந்த இடத்தில் இப்போது ஆளுக்கொரு பெயர். மூன்றாவது வரிசைப் பெண் ஒருத்தி "என் தியோவிடம் சொல்" என்று கத்த, தியோ என்கிற அந்தப் பையன் இருக்கைக்கு அடியில் போய்விட்டான்.

ஒக்சித்தான் வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகள். தேர்வில் இருபதுக்கு நான்கு வாங்குகிறவர்கள். அந்த இரண்டு வரியை ஓர் எழுத்துப் பிசகாமல், பழைய உச்சரிப்போடு பாடினார்கள். கேட்ட மகிழ்ச்சியில் கஸ்தோன் பள்ளியைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போய்விட்டான்.

வண்டியைத் திருப்பும்போது தியோவின் பெயரைக் கத்திய பெண் முன்னால் வந்தாள். "முசியோ கஸ்தோன், வெளியேதான் நிக்கிறேன்னு சொல்றானே, அப்புறம் அவன் என்ன ஆனான்? அவ கதவத் தொறந்தாளா?"

"தெரியாதும்மா. சுவடியில அதோட முடிஞ்சிடுது."

"அவளக் கேட்டானா, இல்ல பாட்டு மட்டும்தான் அனுப்பினானா?"

"உக்காரு. வளைவு வருது" என்றான் கஸ்தோன்.

செவ்வாய்க்கிழமை துலூஸ் நகரிலிருந்து அழைப்பு வந்தது. இருபத்தோராம் தேதி, நாடு முழுக்கத் தெருத் தெருவாக வாசிக்கிற இசைத் திருநாளில், கரோன் ஆற்றங்கரைப் பெரிய மேடையில் இவர்கள் வாசிக்க வேண்டுமாம். பேஸ் இல்லாமல் அந்தத் தாளம் நிற்காது. மைத்தே வருவாளா என்று கேட்க இப்போது ஒரு காரணமும் கிடைத்தது. புதன்கிழமை மதியம் கஸ்தோன் அவளைத் தேடிக்கொண்டு, மாடு வளர்க்கும் லாகார்தின் தொழுவத்துக்குப் போனான்.

மைத்தேயின் வலக்கை தோள்வரைக்கும் ஒரு பசுவுக்குள் இருந்தது.

"மைத்தே, உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"இந்தக் கயித்தப் பிடி."

பிடித்தான்.

"அது வந்து... சனிக்கிழமை நடந்தது... நீ தப்பா எடுத்துக்காத."

"இழு. மெதுவா. உன் பேருந்துல பிரேக் போடற மாதிரி இல்ல, மெதுவா."

இழுத்தான். "காத்து வேற அப்படி அடிச்சுது. வாய் தவறி..."

"கால் வருது. இப்ப இழு."

கன்று வந்தது. வந்த வேகத்தில் கஸ்தோன் வைக்கோலில் மல்லாக்க விழுந்தான். கன்று அவன் மேல் விழுந்தது. லாகார்த் விழுந்து விழுந்து சிரித்தார். மைத்தே கையைக் கழுவிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: "கன்னு நல்லாருக்கு. தாய்க்கு இதுதான் கடைசி. அடுத்த வருஷம் சினைக்கு விடாதீங்க, செத்துரும்."

ஒரே மூச்சில் மூன்று நேர்ப் பதில். ஒரு மாட்டுக்கு.

"எனக்கு?" என்றான் கஸ்தோன், கன்றுக்கு அடியிலிருந்து.

"நதீர் சொன்னான். துலூஸுக்கு வரேன்" என்றாள். "நாளைக்கு ஏழு மணி ஒத்திகை. சட்டைய மாத்திக்கிட்டு வா."

ஒத்திகை நதீரின் டயர் கடையில். அடுக்கிவைத்த டயர்கள் சத்தத்தைக் குடித்துக்கொள்வதால் அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்வதில்லை. நதீர் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"கடைசி வரியில என்ன பேரு? மைத்தேன்னுதான் பாடணும். ஜனங்க அதக் கேக்கத்தான் வராங்க."

"வடக்குச் சன்னல்னுதான் பாடுவேன்" என்றான் கஸ்தோன். "அந்த ஆளு எவ்வளவு பாடுபட்டு மறைச்சு வச்சான். ஒரு தடவை உடைச்சது போதும்."

"மைத்தே, நீ சொல்லு" என்றான் நதீர்.

"பாடறவன் வாய், பாடறவன் பாடு" என்றாள், நரம்பை முறுக்கிக்கொண்டே.

நதீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம் ஓரான்ல பொறந்தவ. அவ இந்தப் பாட்டச் சமையல்கட்டுல பாடறா, தெரியுமா? எங்கப்பா பேரப் போட்டு. அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு. எண்ணூறு வருஷம் முன்னாடி எவனோ எழுதினது என் கைக்கு அளவெடுத்துத் தச்ச தாளம், எங்கம்மா வாய்க்கு அளவெடுத்துத் தச்ச வார்த்தை. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எங்கயோ தையல் பிரிஞ்சு நிக்குது. சரி, ஒண்ணு ரெண்டு மூணு..."

இருபத்தோராம் தேதி மாலை கரோன் ஆற்றங்கரையில் வெயில் இன்னும் செங்கல் சுவர்களின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. புல்வெளியில் எத்தனை ஆயிரம் பேர் என்று கஸ்தோன் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் வியெலை ஆற்றில் போட்டுவிட்டு ஓடிவிடுவான் என்று அவனுக்கே தெரியும். முன் வரிசையில் தெல்மாஸ் நின்றிருந்தார். கையில் பாட்டின் ஐந்து பத்தியும் அச்சடித்த தாள். பிழை கண்டால் குறிக்கப் பென்சிலும்.

வாசித்தார்கள். சக்கரம் சுழன்றது, கீழே பேஸ் தரையைப் பிடித்துக்கொண்டது, நதீரின் தாளம் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் பத்தியிலிருந்தே கூட்டமும் சேர்ந்து பாடியது. தலையில் பச்சைச் சாயம் பூசியவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், அந்த மொழியில் பால் வாங்கக்கூடத் தெரியாதவர்கள். ஒவ்வொரு வரியிலும் எட்டு அசை. எட்டும் அவர்கள் வாயில் சரியாக விழுந்தன. மெட்டு எழுதாமல் வெற்றாக விட்டிருந்த அந்தக் கோடுகள் கஸ்தோனுக்கு ஞாபகம் வந்தன. இவர்கள் வந்து எழுதட்டும் என்றுதான் விட்டுவைத்தானோ என்னவோ.

கடைசி இரண்டு வரி வந்தது. கஸ்தோன் இந்த முறை இடப்பக்கம் திரும்பவில்லை.

"என் வடக்குச் சன்னலிடம் சொல்..."

அவன் குரல் ஒலிபெருக்கியில்தான் வந்தது. ஆனாலும் யாருக்கும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பெயர்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. எதுவும் தனியாகப் புரியாத ஒரு பெரிய இரைச்சல். அந்தக் கவிஞன் ஒரு பெயரை ஒளித்துவைத்தான். அன்று அந்த ஆற்றங்கரையில் எல்லாப் பெயர்களும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொண்டன. பிறகு எல்லோரும் ஒரே குரலில், "இன்னும் வெளியேதான் நிற்கிறேன்." தெல்மாஸும் கத்தினார். பென்சில் கீழே விழுந்து கிடந்தது. அவர் என்ன பெயர் சொன்னார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

கஸ்தோன் தன் பெரிய மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் அந்த மூக்கைத் தூக்கிக்கொள்ள அவனுக்குக் கிடைத்த காரணங்கள் மிகக் குறைவு. இது போதும் என்று தோன்றியது. எங்கள் ஆள் ஒருவன், பெயர்கூட விட்டுப்போகாதவன், இரண்டு வரியில் இத்தனை பேரை நிறுத்திவைத்திருக்கிறான்.

பேஸ் ஓர் அடிகூட நிற்கவில்லை.

பிறகு வண்டிக்குப் பின்னால் மூன்று பேரும் சாமான்களை ஏற்றினார்கள். காற்று நின்றுபோயிருந்தது, மேற்கே மேகம் திரண்டிருந்தது. நதீர் பாதியில், எதிர்க் கடையில் யாரோ தெரிந்தவன் இருக்கிறான் என்று பூட்டிக் கிடந்த ஒரு கடையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். மைத்தே முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு நாளாச்சு, மைத்தே" என்றான் கஸ்தோன். "மாட்டுக்குக்கூடப் பதில் சொல்ற. எனக்கு ஒரு நேர்ப் பதில் சொல்லக் கூடாதா?"

"கேள்வி எங்க?"

"என்ன கேள்வி?"

"அதத்தான் நானும் கேக்கறேன். அறுநூறு பேர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப ஒலிபெருக்கியில என் பேரச் சொன்ன. மறுநாள் காத்துன்னு செய்தி அனுப்பின. லாகார்த் தொழுவத்துல வாய் தவறிப் போச்சுன்ன. இன்னிக்கு மறுபடி சன்னலுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்ட. நீ எங்கிட்ட ஏதாவது கேட்டியாய்யா? பாட்டத்தான் அனுப்பின. அதுவும் வழியில அறுநூறு பேர் மடியில உக்காந்துட்டுத்தான் எங்கிட்ட வந்துச்சு."

கஸ்தோன் வாயைத் திறந்தான். காற்று என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. காற்றுதான் இல்லை.

"பசுவுக்கு வலிச்சா அது என் மூஞ்சியப் பாத்துக் கத்தும்" என்றாள் மைத்தே. "அதான் அதுக்குப் பதில் கெடைக்குது."

அவன் வியெல் பெட்டியைக் கீழே வைத்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டு, திரும்ப வெளியே எடுத்தான். பதினோரு ஆண்டுகளாக அடுத்தவனுடைய வார்த்தைகளை எடுத்துப் பாடியவனுக்குச் சொந்த வார்த்தை என்று ஒன்றும் சட்டென்று கைக்குச் சிக்கவில்லை. வயரின் கடைசிச் சுற்று அவள் கையில் அப்படியே நின்றது.

"மைத்தே" என்றான். "அது காத்து இல்ல. வாய் தவறவும் இல்ல. பாட்டு இல்லாத நாள்லயும் உன் பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை. உனக்கு அது வேணுமா, வேண்டாமா?"

முதல் மழைத்துளி வண்டியின் கூரையில் விழுந்தது. மைத்தே நிமிர்ந்து, கன்று பிறந்த அன்று லாகார்தைப் பார்த்தாளே அதே மாதிரி, நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேணும்" என்றாள். "அந்த நாலு அடி நான் எதுக்கு நின்னேன்னு நெனச்ச? வேணும், கஸ்தோன்."